வலேரியன், லாரலீன்: எந்த ஆல்பத்திலிருந்து தொடங்குவது?

கதாசிரியர் பியேர் கிறிஸ்தானும் ஓவியர் ழான்-குளோத் மெசியேரும் சேர்ந்து படைத்த 'வலேரியன்' என்னும் பிரெஞ்சு அறிவியல் புனைவுச் சித்திரக்கதை, 1967 நவம்பரில் 'பிலோத்' வார இதழில் தொடங்கியது. 2010-இல் வெளிவந்த 21-ஆம் ஆல்பத்தோடு அதன் கதை முடிந்தது. தொடர் முழுவதும் ஆங்கிலத்தில் வந்துவிட்டதால், பிரெஞ்சு தெரியாதவர்களும் இன்று அதை முதலிலிருந்து கடைசிவரை படிக்கலாம். ஆனால் அந்த 'முதல்' எது என்று கேட்டால்தான் குழப்பம் தொடங்குகிறது. முதுகில் 1 என்று அச்சிட்ட ஆல்பத்துக்கு முன்னால் 0 என்று அச்சிட்ட ஆல்பம் ஒன்று இருக்கிறது. தொடரை நன்கு அறிந்தவர்களில் ஒரு சாரார் அவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு 2-ஆம் எண்ணை எடுக்கச் சொல்வார்கள். 2017-இல் வெளிவந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கோ 6-ஆம் எண்ணே பொருத்தமாகப் படும். இந்த நான்கையும் எடைபோட்டு, யாருக்கு எது தக்கது என்று சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

ஆல்பங்களின் பெயர்களை நான் தமிழாக்கியே எழுதப்போகிறேன். கடையில் தேடுவதற்கு ஆங்கிலப் பெயர்கள் வேண்டுமென்பதால் அவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 0-ஆம் எண்ணான 'தீய கனவுகள்' ஆங்கிலத்தில் 'பேட் ட்ரீம்ஸ்' எனவும், 1-ஆம் எண்ணான 'அலையும் நீரின் நகரம்' 'த சிட்டி ஆஃப் ஷிஃப்டிங் வாட்டர்ஸ்' எனவும், 2-ஆம் எண்ணான 'ஆயிரம் கோள்களின் பேரரசு' 'தி எம்பயர் ஆஃப் எ தௌசண்ட் பிளானட்ஸ்' எனவும், 6-ஆம் எண்ணான 'நிழல்களின் தூதர்' 'அம்பாசடர் ஆஃப் த ஷேடோஸ்' எனவும் கிடைக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வியே என் தலைமுறைக்குப் பழக்கமில்லாதது. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது என்பதை நான் அறிந்துகொண்டது, மாயாவியின் கதைகளில் பாதியைப் படித்து முடித்த பிறகுதான். வாடகை நூல் நிலையத்தில் அன்றைக்கு எந்த இதழ் கயிற்றில் தொங்கியதோ அதுவே எங்களுக்கு முதல் இதழ். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் தெரியும் என்ற ஒரு வரி தெரிந்தால் எந்த இதழையும் எடுக்கலாம். வலேரியன் அப்படிப்பட்டதன்று. தொடக்கத்தில் பெரும்பாலான ஆல்பங்கள் தனித்தனிக் கதைகளாகவே இருக்கின்றன. ஆனால் 1980-களில் வந்த ஆல்பங்கள் இரண்டிரண்டாகப் பிணைந்து, முதல் ஆல்பத்தில் போட்ட ஒரு முடிச்சை அவிழ்க்கப் புறப்படுகின்றன. ஆகையால் எந்த இடத்தில் நுழைந்தாலும் ஒருநாள் தொடக்கத்துக்குத் திரும்பியே தீரவேண்டும். எப்போது திரும்புவது என்பதுதான் நம் முன்னுள்ள தேர்வு.

படைப்பாளிகளைப் பற்றி ஓரிரு செய்திகள் தெரிந்திருந்தால் தேர்வு எளிதாகும். இருவரும் 1938-இல் பிறந்தவர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் ஒதுங்கிய பதுங்கிடத்தில் சிறுவர்களாகப் பழகியவர்கள். 1960-களின் நடுவில் கிறிஸ்தான் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தார். மெசியேரோ கௌபாய் வாழ்க்கையின்மேல் கொண்ட ஆசையால் அதே பகுதிக்குப் போய் மாட்டுப்பண்ணையில் வேலை பார்த்தார். ஊர் திரும்பியதும் மெசியேருக்கு வெஸ்டர்ன் கதை வரையவே விருப்பம் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்தக் களத்தில் ஏற்கெனவே நெரிசல். லக்கி லூக் இருந்தார். தமிழ் வாசகர்கள் கேப்டன் டைகர் என்று அறிந்த புளூபெரியும் அதே 'பிலோத்' இதழில்தான் 1963 முதல் வந்துகொண்டிருந்தார். டைகரை வரைந்த ழான் ஜிரோ, மெசியேரின் கலைப்பள்ளித் தோழர் வேறு. எனவே நண்பர்கள் இருவரும், அன்றைய பிரெஞ்சு இதழ்களில் அதிகம் பேர் கால்வைக்காத அறிவியல் புனைவின் பக்கம் திரும்பினார்கள். ஆகவே, முதல் இரண்டு கதைகளையும் எழுதியவர்கள் இந்த வகையில் தழும்பேறிய கைகள் அல்லர். நடக்க நடக்க வழி கற்றவர்கள். மெசியேரின் தங்கை எவெலின் திரான்லே வண்ணம் தீட்டினார். முதல் கதையில் கிறிஸ்தான் தம் பெயரைக்கூடப் போடாமல் 'லீனுஸ்' என்ற புனைபெயரில் எழுதினார்.

கதைக்களமும் சுருக்கமாக: 28-ஆம் நூற்றாண்டில் புவியின் தலைநகரம் கேலக்ஸிட்டி. காலத்திலும் வெளியிலும் பயணம் செய்து ஒழுங்கைக் காக்கும் துறையின் முகவன் வலேரியன். அவனுடைய இணை லாரலீன், 11-ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் நாட்டுப்புறப் பெண். அவன் மேலிடத்து உத்தரவைக் கேட்டு நடப்பவன். அவள் அந்த உத்தரவு சரியா என்று கேட்பவள். இந்தத் தொடரின் உயிர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பின்வரும் தீர்ப்புகள் எல்லாம் அதன் அடிப்படையில் அமைந்தவை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

பூஜ்யத்தை முதலில் பார்ப்போம். 'தீய கனவுகள்' 'பிலோத்'தின் 420-ஆம் இதழில் தொடங்கி 434-ஆம் இதழ்வரை, வாரத்துக்கு இரண்டு பக்கம் என்ற கணக்கில் வந்தது. மொத்தம் 30 பக்கங்கள். வேலை செய்யத் தேவையில்லாத கேலக்ஸிட்டியின் மக்கள் பகலெல்லாம் கனவு கண்டு பொழுது போக்குகிறார்கள். அந்தக் கனவுத் துறையின் மேற்பார்வையாளனான ஸோம்புல் என்பவன் ஆட்சியைப் பிடிக்கும் எண்ணத்தோடு கி.பி. 1000-க்குத் தப்பிப் போகிறான். மந்திரம் கற்று வரவேண்டும் என்பது அவன் திட்டம். (சோம்பலையே நாகரிகமாகக் கொண்ட ஊரின் அதிகாரிக்கு இப்படி ஒரு பெயர் தமிழ்க் காதில் விழும்போது, கிறிஸ்தானுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்று தோன்றும், தற்செயல்தான்.) அவனைத் துரத்திப் போகும் வலேரியன், ஆர்லோன் என்ற மாயக் காட்டில் சிக்கிக்கொள்ள, அவனை விடுவிக்கும் பெண்தான் லாரலீன். இடையில் அவள் ஒற்றைக்கொம்புக் குதிரையாகவும் மாற்றப்படுகிறாள். காலப்பயணத்தின் இரகசியம் அவளுக்குத் தெரிந்துவிடுவதால் அவளை விட்டுவிட்டு வரமுடியாது என்ற விதி குறுக்கிட, கேலக்ஸிட்டிக்கு அழைத்துவருகிறான்.

லாரலீனை இந்த ஒரு கதைக்கு மட்டும் என்றுதான் படைத்தார்கள். வாசகர்களுக்கு அவளைப் பிடித்துப்போனதால் தொடரில் தங்கினாள். பிரெஞ்சில் அதுவரை வழக்கத்தில் இல்லாத அந்தப் பெயரைப் பிற்பாடு பெற்றோர்கள் தம் பெண் குழந்தைகளுக்கு வைத்தார்கள் என்றால், அவள் எவ்வளவு ஆழமாக வேரூன்றினாள் என்பது விளங்கும். ஆகவே, அவள் எங்கிருந்து வந்தவள் என்பதை அறிய இந்த ஆல்பம் தேவைதான். ஆனால் ஒரு தொடரின் வாசலாக இது பலவீனமானது. ஓவியம் இன்னும் நகைச்சுவைச் சித்திரக்கதையின் கையில் இருக்கிறது. முகங்கள் உருண்டும் அசைவுகள் மிகைப்பட்டும் இருக்கின்றன. விண்வெளி என்று எதிர்பார்த்து வருபவருக்குக் கிடைப்பது காடும் கோட்டையும் மந்திரவாதியும். இதைப் படித்துவிட்டு "இவ்வளவுதானா" என்று மூடிவைத்தவர்களை நான் அறிவேன். அவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு சான்றும் உண்டு. இதழில் முதலில் வந்த கதையாக இருந்தும் இதற்கு 0 என்ற எண்ணோடு தொடரில் இடம் கிடைத்தது 2000-இல்தான். முப்பது ஆண்டுகளாகப் பிரெஞ்சு வாசகர்களே தங்கள் அலமாரியில் 1-ஆம் எண்ணிலிருந்துதான் அடுக்கிவந்தார்கள்.

அந்த 1-ஆம் எண்ணான 'அலையும் நீரின் நகரம்' 1968-இல் இதழில் தொடங்கி, 1970-இல் ஆல்பமாக வந்தது. வட துருவத்தில் சேமித்து வைத்திருந்த ஹைட்ரஜன் குண்டுகள் 1986-இல் வெடிக்கின்றன. பனி உருகிக் கடல் ஏறுகிறது. நாகரிகம் சரிந்து, அதன்பின் 2314-இல் காலப்பயணம் கண்டுபிடிக்கப்படும் வரையுள்ள காலம் கேலக்ஸிட்டியின் ஏடுகளில் இருண்ட காலமாகிறது. அங்கே போக யாருக்கும் அனுமதியில்லை. ஸோம்புல் மறுபடியும் தப்பி அந்த 1986-க்கே போய்விட, வலேரியனை நியூயார்க்குக்கு அனுப்புகிறார்கள்.

நீரில் மூழ்கிய நியூயார்க் இந்த ஆல்பத்தின் பெரும் வலிமை. 1968-இல் வரைந்த இந்தப் பக்கங்களைப் பருவநிலைச் செய்திகளுக்குப் பழகிப்போன இன்றைய கண்களால் பார்க்கும்போது அவற்றின் கனம் கூடுகிறது. நூறு மாடிக் கட்டடங்களின் இடையே தெருவெல்லாம் ஆறாகி, கொள்ளையர்கள் படகில் வந்து மாடி மாடியாகப் பொருள் எடுக்கிறார்கள். அந்தக் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் சன் ரே. பெயரிலேயே தெரிவதுபோல், ஜாஸ் இசைக்கலைஞர் சன் ராவை மனத்தில் வைத்து உருவாக்கிய பாத்திரம். புல்லாங்குழல் வாசிக்கிறான், நாகரிகமாகப் பேசுகிறான், கதாநாயகனைவிடச் சுவையாக இருக்கிறான். ஷ்ரோடர் என்ற விஞ்ஞானிக்கு நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிஸின் முகம். இவ்விருவரோடும் படகில் போகும் பகுதிகளை இன்றும் விருப்பத்தோடு திரும்பப் புரட்டுகிறேன்.

குறைகள் இரண்டு. இது 0-ஆம் ஆல்பத்தின் தொடர்ச்சி என்பதால், ஸோம்புல் யார், ஏன் அவன்மேல் இவ்வளவு ஆத்திரம் என்பது இதை மட்டும் எடுத்தவருக்குப் பாதியிலிருந்து பேச்சைக் கேட்டதுபோல் இருக்கும். நான் முதன்முதலில் வாங்கியது இதைத்தான்; வில்லன் மேடைக்கு வந்தபோது, ஏற்கெனவே தெரிந்தவன்போல் எல்லாரும் அவனிடம் பேச, எனக்கு மட்டும் யாரென்று தெரியவில்லை. அடுத்த குறை இன்னும் பெரியது: முதலில் வலேரியன் மட்டும் புறப்பட்டுப் போக, லாரலீன் பின்னால்தான் வந்து சேர்கிறாள். துரத்தல், பிடிபடுதல், தப்புதல் என்று கதை நகர்கிறதே தவிர, இந்தத் தொடரைப் பிற தொடர்களிலிருந்து வேறுபடுத்தும் வாதமும் ஐயமும் இன்னும் வந்து சேரவில்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டு ஓராண்டுக்கு மேல் வேறெதையும் வாங்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

1986 என்ற ஆண்டைப் பற்றியும் ஒரு சொல். கதை எழுதியபோது அது பதினெட்டு ஆண்டுகள் தொலைவில் இருந்தது. தொடரோ அந்த ஆண்டைத் தாண்டியும் வாழ்ந்துவிட்டது. தாங்களே குறித்த பேரழிவின் தேதி நெருங்கி வருவதைக் கண்ட படைப்பாளிகள் அதை மறைக்காமல், 1984, 1985-ஆம் ஆண்டுகளில் வந்த இரட்டை ஆல்பங்களில் அதையே கதையின் மையமாக்கினார்கள். எப்படி என்பதைச் சொல்வது நியாயமாகாது. ஆனால் அந்த இரட்டை ஆல்பங்களுக்கு முன் 1-ஆம் எண்ணைப் படித்திருக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 'ஆயிரம் கோள்களின் பேரரசு'. 1969 அக்டோபரில் இதழில் தொடங்கி 1971-இல் ஆல்பமானது. இதில் விரட்டுவதற்கு வில்லன் இல்லை. காக்கவேண்டிய கனவுத்துறையும் இல்லை. சிர்ட் என்ற கோளைத் தலைநகராகக் கொண்ட பேரரசைப் பார்த்து, அதனால் புவிக்கு ஆபத்து உண்டா என்று அறிந்துவரச் சொல்லி இருவரையும் அனுப்புகிறார்கள். அவ்வளவுதான் பணி. அதனால் தொடக்கப் பக்கங்களில் கதை அவசரப்படுவதில்லை. நகரம் தன்னைக் காட்டிக்கொள்கிறது. பல கோள்களிலிருந்தும் பொருள் வந்து குவியும் சந்தை, அதன் நெரிசல், அந்த நெரிசலுக்குமேல் நிற்கும் அரண்மனை, ஆட்சி எங்கோ உளுத்துப்போயிருப்பதன் அடையாளங்கள் என்று கண் அலைந்துகொண்டே இருக்கும். சந்தைக்குப் போய்ப் பழகிய நம் வாசகர்களுக்கு இந்தப் பக்கங்களில் ஓர் உரிமை உணர்வு வரும் என்றே நினைக்கிறேன்: விலை கேட்பவர், கூவுபவர், வாங்காமல் வேடிக்கை பார்ப்பவர் எல்லாரும் இருக்கிறார்கள், உருவம்தான் வேறு. அந்தச் சந்தையில் லாரலீனின் கைக்கு வரும் ஒரு பழைய கடிகாரம் பின்னால் எதைச் சுட்டுகிறது என்பது கதையின் நூல்முனை.

முகத்தை உலோகக் கவசத்தால் மூடிய ஞானிகள் கூட்டம் ஒன்று மெல்ல மெல்ல அரசைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறது. வணிகர்களின் தலைவரான எல்மிர் அதை எதிர்க்க ஆள் திரட்டுகிறார். அந்தக் கவசங்களுக்குள் இருப்பவர்கள் யார் என்பது தெரியவரும்போது, புவியிலிருந்து வந்த இந்த இருவரும் தங்களை வெறும் பார்வையாளர்கள் என்று இனிச் சொல்லிக்கொள்ள முடியாது. தன் பேரரசைப் பற்றிய ஐயத்தை ஒரு சாகசக் கதைக்குள் வைத்துத் தைக்கும் கிறிஸ்தானின் கைவண்ணத்தை முதன்முதலில் இங்கேதான் காண்கிறோம். லாரலீனும் இங்கிருந்துதான் கூட வருபவளாக இல்லாமல், நடப்பதைத் தன் கண்ணால் பார்த்துத் தானே முடிவெடுப்பவளாகிறாள்.

'ஸ்டார் வார்ஸ்' பார்த்தவர்களுக்கு இந்த ஆல்பத்தில் பல இடங்கள் எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கும். அந்தப் படம் 1977-இல்தான் வந்தது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மெசியேர் தம் பங்குக்கு 1983-இல் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார்: ஒரு விண்வெளி மதுக்கடையில் லூக்கும் லேயாவும் வலேரியனையும் லாரலீனையும் எதிர்பாராமல் சந்திக்க, தாங்கள் வெகுகாலமாக இங்கேதான் வந்துபோகிறோம் என்கிறாள் லாரலீன். வழக்கை அவர் முடித்துக்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஓவியத்திலும் 1-க்கும் 2-க்கும் இடையில் பெரிய தாவல் நிகழ்ந்திருக்கிறது. உருண்டை முகங்கள் மறையவில்லை. ஆனால் அவை இப்போது மிக நுட்பமாக வரைந்த பின்னணிகளுக்கு முன்னால் நிற்கின்றன. ஒரே குறையென்று சொல்வதானால், பிற்பகுதியில் போர் அவசரமாக முடிகிறது. 46 பக்கத்துக்குள் ஒரு பேரரசைக் கட்டி எழுப்பிக் கவிழ்ப்பது யாருக்கும் கடினம்தான்.

கடைசி வாசலான 'நிழல்களின் தூதர்' 1975-இல் வந்தது. இத்தொடரின் எந்தப் பட்டியலிலும் உயரத்தில் நிற்கும் ஆல்பம் இது. மைய முனை என்றழைக்கப்படும் இடத்தில், ஒவ்வோர் இனமும் தனக்கேற்ற காற்றும் வெப்பமும் ஈர்ப்பும் கொண்ட ஓர் அறையைக் கட்டி மற்றவற்றோடு ஒட்டவைத்திருக்கிறது. ஒட்டிக்கொண்டே போய் அது ஒரு செயற்கைக் கோளாகவே வளர்ந்துவிட்டது. அண்டத்தின் பஞ்சாயத்து அங்கேதான் கூடும். அதற்குத் தலைமை ஏற்கும் முறை புவிக்கு வருகிறது. புவியின் தூதர், நல்ல வார்த்தை பேசிக்கொண்டே பின்னால் போர்க்கப்பல்களை நிறுத்திவைத்து, எல்லா இனங்களையும் புவியின் தலைமைக்குக் கீழ்க் கொண்டுவரும் எண்ணத்தோடு போகிறார். இறங்கிய உடனேயே அவரையும் காவலுக்குப் போன வலேரியனையும் யாரோ கடத்திவிடுகிறார்கள். மீதி ஆல்பம் முழுவதும் லாரலீனுடையது. மரபொழுங்குத் துறை அதிகாரி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அவருடைய முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், ஓர் இனத்தின் அறையிலிருந்து இன்னோர் இனத்தின் அறைக்குத் தேடிப்போகிறாள்.

ஒவ்வோர் இடத்திலும் தகவலுக்கு விலை உண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் நாணயம் வேறு. அதற்காக அவள் கையில் ஒரு சிறிய விலங்கு இருக்கிறது. புளுக்ஸ்த் என்ற கோளிலிருந்து வந்த, எந்நேரமும் சிடுசிடுக்கும் நாணய மாற்றி. முத்தோ காசோ எதுவானாலும் ஒன்றை அதன் வாயில் போட்டால், அதேபோன்றவற்றைத் தன் உடம்பிலிருந்து எத்தனையோ உண்டாக்கித் தரும். ஆனால் அது இயந்திரமன்று. களைத்துப்போகும், முகம் சுளிக்கும், அதட்டினால் இன்னும் சிடுசிடுக்கும். அதைத் தடவிக்கொடுத்துச் சமாதானப்படுத்தி அடுத்த தவணைக்கு ஆயத்தப்படுத்தும் லாரலீனைப் பாருங்கள். வங்கி, பணமாற்று, இலஞ்சம் என்று மூன்று பக்கம் எழுத வேண்டியதை ஒரு விலங்கின் முகத்தில் முடித்திருக்கிறார்கள். தகவல் விற்கும் மூவரான ஷிங்கூஸ்களும் இந்த ஆல்பத்தில்தான் முதன்முதலில் தலைகாட்டுகிறார்கள். நீண்ட மூக்கும் குட்டை உருவமும் கொண்ட இவர்கள் பாதித் தகவலை ஒரு விலைக்கும் மீதியை இரட்டை விலைக்கும் விற்கக் கூடியவர்கள். தரகர்களைக் கையாண்ட அனுபவம் உள்ள எவருக்கும் இவர்களை உடனே அடையாளம் தெரியும். பிற்கால ஆல்பங்களில் திரும்பத் திரும்ப வந்து தொடரின் செல்லப் பிள்ளைகள் ஆனார்கள்.

அப்படியானால் இதையே முதலில் படித்துவிடலாமே என்று கேட்கலாம். அமெரிக்க வாசகர்களில் பலர் அப்படித்தான் படித்தார்கள். 1981-இல் 'ஹெவி மெட்டல்' இதழ் இந்தக் கதையை ஆங்கிலத்தில் தொடராக வெளியிட்டது. முன்கதை எதுவும் தெரியாமலே புரியும் என்பதற்கு அதுவே சான்று. எனக்குள்ள தயக்கம் வேறு. உச்சியில் ஏறிவிட்டு அடிவாரத்துக்கு இறங்கினால் அடிவாரம் சப்பென்று இருக்கும். இதைப் படித்த சூட்டோடு 0-ஐ எடுப்பவர் அதன் ஓவியத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். மேலும், வலேரியன் இல்லாமலே லாரலீன் ஓர் ஆல்பத்தைத் தாங்குவது இங்கே நிகழும் வியப்பு. முந்தைய ஆல்பங்களில் அவன்தான் முன்னால் நடந்தான் என்பது தெரிந்தவருக்கே அந்த வியப்பு முழுமையாகக் கிட்டும். 2007-இல் தொடரின் பெயரையே 'வலேரியன்' என்பதிலிருந்து 'வலேரியனும் லாரலீனும்' என்று மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்குரிய நியாயத்தை இந்த ஆல்பம் 32 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டது.

திரைப்படத்திலிருந்து வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லுக் பெஸ்ஸோன் 2017-இல் எடுத்த படத்தின் தலைப்பில் 'ஆயிரம் கோள்கள்' என்ற சொல் 2-ஆம் ஆல்பத்திலிருந்து வந்தது. ஆனால் மைய முனை, நாணய மாற்றி, தகவல் விற்கும் மூவர் ஆகியவை 6-ஆம் ஆல்பத்துக்கு உரியவை. தலைப்பை நம்பி 2-ஐ வாங்கிவிட்டுப் படத்தில் பார்த்தது எங்கே என்று தேடாதீர்கள். படம் பிடிக்காமல் போனவர்கள் ஆல்பங்களையும் ஒதுக்கிவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். படத்தின் லாரலீனிடம் அந்தக் குறும்பும் கேள்வி கேட்கும் துணிவும் எனக்குப் போதிய அளவு தென்படவில்லை.

இடையிலுள்ள 3, 4, 5 ஆகியவற்றைத் தொடக்கமாகப் பரிந்துரைப்பவர்கள் குறைவு. 1972-இல் வந்த 4-ஆம் ஆல்பமான 'அல்ஃப்லோலோலுக்கு நல்வரவு' மட்டும் விதிவிலக்கு. நாலாயிரம் ஆண்டுப் பயணம் முடிந்து தங்கள் கோளுக்குத் திரும்பும் நீண்ட ஆயுள் மக்கள், அங்கே புவியின் தொழிற்சாலைகள் நிறைந்திருப்பதைக் காண்கிறார்கள். நிலம் யாருக்குச் சொந்தம் என்பது கேள்வி. சாகசத்தைவிட அரசியலில் நாட்டமுள்ளவர் இதிலும் தொடங்கலாம்.

வாங்கும் முறையையும் கணக்கில் எடுக்கவேண்டும். இங்கிலாந்தின் கேன்டர்பரியிலுள்ள சினிபுக் பதிப்பகம் தனி ஆல்பங்களாகவும், 2017 முதல் கெட்டி அட்டைத் தொகுதிகளாகவும் வெளியிட்டிருக்கிறது. தொகுதி ஒன்றில் 0, 1, 2 ஆகிய மூன்றும் அடங்கும்; தொகுதி மூன்று 6-ஆம் ஆல்பத்தில் தொடங்குகிறது. அதாவது, தொகுதி ஒன்றை வாங்கினால் நான்கு வாசல்களில் மூன்று ஒரே அட்டைக்குள் வந்துவிடும். எதை முதலில் புரட்டுவது என்பது மட்டுமே மீதி. மெல்லிய தனி ஆல்பங்களுக்கு உள்ள வசதி, பிடிக்காவிட்டால் இழப்புக் குறைவு என்பது. நூலகத்திலோ நண்பரிடமோ கடன் வாங்குபவருக்கு இந்தக் கவலையில்லை.

என் தேர்வு இது. தொடர் முழுவதையும் படிக்கும் எண்ணம் உள்ளவர் தொகுதி ஒன்றை வாங்கி, முதல் இரண்டு கதைகளையும் புரட்டித் தள்ளிவிட்டு, மூன்றாவதாக உள்ள 'ஆயிரம் கோள்களின் பேரரசி'லிருந்து தொடங்கவேண்டும். அது முடிந்ததும் முன்னால் திரும்பி 0-ஐயும் 1-ஐயும் பிரிக்காமல் ஒரே மூச்சில் படிக்கவேண்டும். ஏற்கெனவே நெருக்கமாகிவிட்ட இருவரின் இளமைக்காலப் புகைப்படங்களைப் பார்ப்பதுபோல் அப்போது அவை இனிக்கும். உருண்டை முகங்கள் உறுத்தா. பிறகு 3 முதல் வரிசை தவறாமல் போகலாம். ஒன்றே ஒன்றுதான் படிப்பேன், பிடித்தால் பார்க்கலாம் என்பவருக்கு மறுபேச்சில்லாமல் 6. வரிசை குலைந்தால் தூக்கம் வராதவர்கள் உண்டு. அவர்கள் 0-இல் தொடங்கட்டும், ஆனால் 2 முடியும்வரை தீர்ப்பு எழுதவேண்டாம். 1-ஐ மட்டும் தனியாக வாங்குவதைத்தான் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நீரில் மூழ்கிய நியூயார்க்கைப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் தாங்கமுடியாதவர் 0-ஆம் ஆல்பத்தின் 30 பக்கங்களையும் சேர்த்தே வாங்கிக்கொள்வது நல்லது.

என் தம்பி மகனுக்கு 6-ஐத்தான் கொடுத்தேன். அவனுக்குப் பதின்மூன்று வயது, ஆங்கிலம் தடுமாறிப் படிப்பவன். கிறிஸ்தானின் வசனங்கள் பலூன்களை நிரப்பி வழிவதால் பாதியை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான்; நாணய மாற்றி வரும் பக்கங்களுக்கு மட்டும் என் உதவி தேவைப்படவில்லை. இப்போது 8-ஆம் ஆல்பத்தில் இருக்கிறான். 0-ஐ எடுத்து நீட்டினால், குதிரை வேண்டாம் என்கிறான். 11-ஆம் ஆல்பத்துக்குப் போவதற்குள் எப்படியாவது அதையும் 1-ஐயும் படிக்கவைத்துவிடவேண்டும். அங்கேதான் 1986 திரும்பி வருகிறது.